ஹெச்.பி.வி. பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல்: கோபியிலுள்ள அம்மாவின் ரிப்போர்ட்

அம்மாவின் ரிப்போர்ட்டில் ஹெச்.பி.வி. பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்திருப்பதாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அவருக்குப் புற்றுநோய் என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. ஹெச்.பி.வி. என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு வைரஸ். கருப்பை வாயில் அந்த வைரஸின் டி.என்.ஏ. இருப்பதை ஹெச்.பி.வி. சோதனை காட்டுகிறது, செல்கள் மாறியுள்ளனவா என்று பார்ப்பது பாப் ஸ்மியர், அது நார்மல் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் பாலுறவு மூலம் தொற்றிய வைரஸ் அறிகுறியின்றித் தங்கியிருக்கக்கூடும் என்பதால், 52 வயதில் இது எப்படி வந்தது என்று வீட்டில் யாரையும் தயவுசெய்து சந்தேகிக்காதீர்கள்.

‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 16 அல்லது 18 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இவ்விரு வகைகளே காரணம். ஆகவே, இருந்தால் ஈரோட்டிலோ கோவையிலோ மகப்பேறு மருத்துவரிடம் கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். வேறு வகையென்றால், பெரும்பாலும் ஓராண்டில் மறுசோதனை போதும்.

மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தக்கசிவு இருந்தால், வயலில் மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று அம்மா சொன்னாலும், அந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.