கழுத்து எலும்பு தேய்ந்தால் உடற்பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. வீட்டிலேயே சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு வருடமாகக் கழுத்திலும் இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலும் வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், கழுத்தும் மேல்முதுகும் தேய்ந்திருக்கிறது, பிசியோதெரபிக்குப் போங்கள் என்கிறார். தேய்ந்த எலும்பை ஆட்டினால் இன்னும் தேயாதா? மாமி கழுத்துப் பட்டி போடச் சொல்கிறார். நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறேனே, அது போதாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தேயாது, சகோதரி. 50 வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களின் எக்ஸ்ரேயில் கழுத்துத் தேய்மானம் தெரியும். அவர்களில் பலருக்கு வலியே இல்லை. படத்தில் உள்ளதைப் பயிற்சியால் மாற்ற முடியாதுதான். ஆனால் அந்த எலும்புகளைத் தாங்கும் தசைகளுக்குப் பலம் ஏறினால் வலி குறையும். டாக்டர் சொன்னது அதற்காகத்தான்.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. மெஷினுக்கு மேல் குனிந்திருக்கும் நேரமெல்லாம் அதைப் பிடித்து வைத்திருப்பது பின்கழுத்துத் தசைகள். முன்கழுத்தின் ஆழத்தில் உள்ள தசைகளும் தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் தசைகளும் வேலையில்லாமல் பலம் குறைகின்றன. தேங்காய் திருவுவதும் மரக்கறி வெட்டுவதும் இதே குனிவுதான், களைத்த தசையே மறுபடி களைக்கிறது. அதனால் வீட்டுவேலையை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். (இதைச் சாட்டாக வைத்து அதில் பாதியை வீட்டில் மற்றவர்களிடம் தள்ளிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.)

கழுத்துப் பட்டி கடும் வலிக்கு இரண்டு மூன்று நாள் போடலாம். வாரக்கணக்கில் போட்டால் தசை இன்னும் பலமிழக்கும். மாமிக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்றைக்கே தொடங்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். கதிரையில் நிமிர்ந்து இருந்து நேரே பாருங்கள். தலை குனியவும் வேண்டாம், அண்ணாரவும் வேண்டாம். லாச்சியைத் தள்ளி மூடுவதுபோல நாடியை நேராகப் பின்னுக்குத் தள்ளுங்கள். நாடிக்குக் கீழே இரட்டை மடிப்பு விழும். கண்ணாடியில் பார்க்க அழகாக இராது, ஆனால் சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். 5 விநாடி வைத்திருந்து விடுங்கள். 10 தடவை போதும், மூச்சை அடக்க வேண்டாம். அப்புறம் தோளைக் காதுவரை தூக்காமல், இரண்டு தோள்பட்டையையும் முதுகுக்கு நடுவில் நெருக்கி அதே கணக்கில் செய்யுங்கள். பொபின் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் இரண்டையும் ஒரு சுற்றுச் செய்தால், அதற்கென்று தனி நேரம் தேட வேண்டியதில்லை.

இலேசான தசைநோவு வந்தால் பயமில்லை. வலி கைக்குள் ஓடினால் நிறுத்திவிடுங்கள். ரப்பர் பட்டி இழுக்கும் பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் எடுக்கும். சூட்டு ஒத்தடமும் மசாஜும் சுகமாக இருக்கும், ஆனால் அவற்றால் பலம் ஏறாது. அவற்றுக்கு மட்டும் காசு கொடுத்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். உங்களுக்கு நின்றிருந்தாலோ, எலும்பு பலவீனம் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தாலோ, பிசியோதெரபிஸ்டிடம் முதல் நாளே சொல்லுங்கள். கழுத்தைச் சடக்கென்று திருப்பி முறிக்கும் ஆட்களிடம் போகவே வேண்டாம்.

ஊசியில் நூல் கோர்க்கவோ கொக்கி பூட்டவோ விரல் தடுமாறுகிறதா? கையில் பலம் குறைகிறதா? நடை தள்ளாடுகிறதா? சிறுநீரை அடக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்து உடனே டாக்டரைப் பாருங்கள். முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுவதால் வரும் அறிகுறிகள் இவை.

அப்படி எதுவும் இல்லையென்றால், உங்களுக்குக் கிட்ட உள்ளது களுபோவில போதனா வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்குத் துண்டு எழுதித் தரும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. காலையிலேயே போங்கள், பழைய எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு.