1957 லிட்டில் ராக் புகைப்படத்தில் இருக்கும் கருப்பினப் பெண் பிறகு என்ன ஆனார்?

எலிசபெத் எக்ஃபோர்டைத்தானே கேட்கிறீர்கள்? கறுப்புக் கண்ணாடி போட்டு, நோட்டை அணைத்தபடி வாய் திறக்காமல் நடந்து வருவாரே, அவர்தான். பின்னால் கத்துகிற வெள்ளைக்காரப் பெண் ஹேசல் பிரையன். இருவருக்கும் அப்போது 15 வயது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையர்கள் மட்டுமே படித்த உயர்நிலைப் பள்ளியில் கருப்பின மாணவர்கள் முதல்முறையாகச் சேரப் போனபோது எடுத்த படம் அது.

அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருந்தும் எலிசபெத்துடைய பாவாடையின் கீழ்ப்பகுதியை நான் கவனித்தது சமீபத்தில்தான். மேலே வெள்ளை, ஓரத்தில் மட்டும் கட்டம் போட்ட துணி. பள்ளியில் முதல் நாளுக்கென்று அவரே தைத்துக்கொண்டது. கருப்பின மாணவர்கள் ஒன்பது பேரும் சேர்ந்து போவதாக முந்தைய இரவு முடிவானது. எலிசபெத் வீட்டில் போன் இல்லை, தகவல் வரவில்லை. செப்டம்பர் 4 காலையில் தனியாகப் பஸ் ஏறிப் போனார். இந்தச் சேர்க்கையை எதிர்த்த மாநில ஆளுநர் நிறுத்தியிருந்த தேசியக் காவல் படையினர் உள்ளே விடவில்லை. வெள்ளையர் கூட்டம் துரத்தத் துரத்த, பஸ் நிறுத்த பெஞ்சு வரை நடந்தே போய் உட்கார்ந்தார்.

அதே மாதக் கடைசியில் ஒன்பது பேரும் ராணுவப் பாதுகாப்போடு பள்ளிக்குள் நுழைந்தார்கள். அந்த வருடம் முழுக்க இடித்துத் தள்ளுவதும் திட்டுவதும்தான். அடுத்த வருடம் லிட்டில் ராக்கின் உயர்நிலைப் பள்ளிகளையே ஆளுநர் மூடிவிட்டார்.

பிற்பாடு எலிசபெத் ஐந்து வருடம் ராணுவத்தில் இருந்தார், வரலாற்றில் பட்டம் வாங்கினார், 1974-ல் ஊர் திரும்பினார். இரண்டு மகன்களைத் தனியாளாக வளர்த்தார். மனச்சோர்வு வருடக்கணக்காக விடவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேசவே நீண்ட காலம் ஆனது. பிறகு நீதிமன்றத்தில் நன்னடத்தை அதிகாரியாக வேலை பார்த்தார். 1999-ல் ஒன்பது பேருக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 2003 புத்தாண்டன்று மகன்களில் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

ஹேசல் விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கத்திலேயே அவர் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுவிட்டார். 1997-ல், பழைய படத்தை எடுத்த வில் கவுண்ட்ஸே இருவரையும் பள்ளி முன்னால் சிரித்தபடி நிற்க வைத்துப் படம் எடுத்தார். 'சமரசம்' என்ற தலைப்போடு அது போஸ்டராக வந்தது. நிஜமாகவே பழகினார்கள், சேர்ந்து துணிக்கடைக்குக்கூடப் போனார்கள். ஆனால் சில வருடங்களில் விரிசல் விழுந்தது. அன்று நடந்தது பலதும் ஞாபகமில்லை என்று ஹேசல் சொன்னது எலிசபெத்துக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. இன்னொரு பக்கம், எத்தனை தடவைதான் மன்னிப்புக் கேட்பது என்ற அலுப்பு ஹேசலுக்கு.

'அவ்வளவு தூரம் இறங்கி வந்தவரை மன்னித்துத் தொலைக்கக் கூடாதா' என்று பலர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. அடிபட்டவர் எப்போது சிரிக்க வேண்டும் என்று நாள் குறிக்க நாம் யார்?

போஸ்டரை மறுபடி அச்சடிக்க அனுமதி கேட்டபோது எலிசபெத் ஒரு நிபந்தனை போட்டார்: ஒவ்வொரு பிரதியிலும் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருவருக்கும் பொதுவான அந்த வலி மிகுந்த கடந்த காலத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டால்தான் உண்மையான சமரசம் வரும் என்பது அதில் இருக்கும் வாசகம். ஒட்டித்தான் விற்றார்கள்.