தைரியமாய்க் கேட்பது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்தோத்திரமும் பிறருக்கான வேண்டுதலும் எனக்குத் தடையில்லாமல் வருகின்றன. என் தேவையைச் சொல்ல வரும்போதுதான் நாக்கு எழவில்லை. தேவன் எல்லாம் அறிந்தவர்தானே. எனக்கென்று கேட்பது சுயநலம் ஆகாதா?

பதில்: சகோதரி, எரிகோ வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயு பார்வையற்றவன் என்பது அங்கே கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனை வரவழைத்து, உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). அவன் தன் வாயால் அதைச் சொல்லவேண்டும் என்று விரும்பினார்.

‘பிதா முன்னமே அறிந்திருக்கிறார்’ என்ற வசனம் எங்கே வருகிறது என்று பாருங்கள். மத்தேயு 6:8இல் வருகிறது. மூன்று வசனம் தள்ளி 11ஆம் வசனத்தில், அன்றாட ஆகாரத்தைக் கேட்கும்படி அவரே கற்றுத்தருகிறார். அவர் அறிந்திருப்பதால் நாம் வார்த்தைகளை அடுக்கத் தேவையில்லை; கேட்காமல் இருக்கலாம் என்று அங்கே சொல்லப்படவில்லை.

எபிரெயர் 4:16, கிருபாசனத்தண்டையில் (தேவனுடைய கிருபையின் சிங்காசனத்தருகே) ‘தைரியமாய்’ சேரச் சொல்கிறது. மூலமொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘பர்ரேசியா’. மனதில் இருப்பதை மறைக்காமல் பேசும் உரிமை என்று பொருள். பழைய ஏற்பாட்டில் ஆசரிப்புக் கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் மட்டுமே போகலாம். அதுவும் வருஷத்தில் ஒரு நாள், பலியின் இரத்தத்தோடு, தூபப்புகையின் நடுவே (லேவியராகமம் 16). அந்த வாசல் இப்போது உங்களுக்குத் திறந்திருப்பது நம் பிரதான ஆசாரியர் இயேசுவினால்தான். உங்கள் தகுதியினால் அல்ல. ஆகவே தகுதி இல்லையே என்ற தயக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. குரலை உயர்த்துவதும் தைரியம் அல்ல. பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், கேட்டதோ ஒரு ஆண்பிள்ளை.

கேள்வி: குறிப்பாகக் கேட்கவேண்டும் என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

பதில்: நெகேமியாவின் முதல் இரண்டு அதிகாரங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரன்; இடிந்துகிடந்த எருசலேமைக் கட்டப் போக அவனுக்கு ராஜாவின் அனுமதி வேண்டியிருந்தது. முதல் அதிகாரத்தின் ஜெபம் 5ஆம் வசனத்தில் தொடங்கி 11இல் முடிகிறது. தேவன் யார் என்பதில் ஆரம்பித்து, பாவ அறிக்கை, மோசேக்குக் கொடுத்த வாக்கு என்று போய், கடைசி வசனத்தில்தான் விண்ணப்பம் வருகிறது. அதுவும் ஒரே கோரிக்கை: ராஜாவுக்கு முன்பாக எனக்கு இரக்கம் கிடைக்கட்டும்.

நீங்களும் ஒரு தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘என்னை ஆசீர்வதியும்’ என்று எழுதினால், பதில் வந்ததா இல்லையா என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அடுத்து, இது கிடைத்தால் என்ன செய்வேன் என்று அதன் கீழே எழுதுங்கள். யாக்கோபு 4:3 சொல்லும், இச்சைகளுக்காகவே கேட்கும் தகாத விண்ணப்பம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியில் பிடிபட்டுவிடும். பிறகு அந்தத் தேவையைத் தொடும் வாக்குத்தத்தம் ஒன்றைத் தேடி எடுத்து, அதைச் சொல்லிக் கேளுங்கள். தேதியையும் குறித்துவையுங்கள்.

இங்கே இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, பிரச்சினையைப் பத்து நிமிடம் விவரித்துவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்காமலே எழுந்துவிடுவது. அது கவலையைத் திரும்ப ஓதுவதாக முடிகிறது. மற்றொன்று, தேவையையும் வழியையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. வேலை வேண்டும் என்பது தேவை. இன்ன இடத்தில், இன்னார் மூலமாக என்பது வழி. வழியையும் கேட்கலாம், ஆனால் தனி வாக்கியமாகக் கேளுங்கள். அந்த ஒரு வழி அடைபட்டதும் தேவன் கைவிட்டார் என்று நினைக்கமாட்டீர்கள்.

நெகேமியா கிஸ்லேவ் மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கினான்; ராஜா பேச்செடுத்தது நிசானில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. அப்போது எவ்வளவு காலம் போகவேண்டும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம், எந்தெந்த வேலைக்கு மரம் என்று எல்லாம் அவன் நாவில் தயாராக இருந்தது. ஜெபித்த மாதங்களில் திட்டமும் உருவாகியிருந்தது.

கேள்வி: ‘உமது சித்தம்’ என்று சேர்த்தால் அது அவிசுவாசமா?

பதில்: இல்லை. ஆனால் சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த வரிசையைக் கவனியுங்கள். இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்பது முதலில் வருகிறது, உம்முடைய சித்தம் என்பது பிறகு. நம்மில் பலர் ஏமாற்றத்துக்குப் பயந்து, கேட்பதற்கு முன்பே சித்தத்தைச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம். முழுமனதோடு கேட்டவனுக்குத்தான் ஒப்புக்கொடுக்க ஏதாவது இருக்கும்.

ஆபிரகாம் அழியவிருந்த சோதோம் நகரத்துக்காக, இத்தனை நீதிமான்கள் இருந்தால் அதை விட்டுவிடுவீரா என்று 50இல் தொடங்கி 45, 40, 30, 20, 10 என்று ஆறு முறை கேட்டான். ஒரு முறைகூடக் கர்த்தர் கோபிக்கவில்லை. நகரம் தப்பவில்லை. ஆனாலும் தேவன் ஆபிரகாமை நினைத்து, அவன் சகோதரன் மகன் லோத்தை வெளியே அனுப்பினார் என்கிறது ஆதியாகமம் 19:29. அவன் வாய் கேட்டது நகரத்தை. அவன் மனதில் இருந்தவனோ லோத்து என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஒரு முறை கேட்டுவிட்டால் அப்புறம் நன்றி மட்டும் சொல்லவேண்டுமா?

பதில்: பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை கேட்டார், இயேசுவும் கெத்செமனேயில் மூன்று முறை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் நியாயம் கேட்ட விதவையின் உவமை சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணுவதற்காகவே சொல்லப்பட்டது (லூக்கா 18:1). பவுல் நிறுத்தியது ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் வந்த பிறகு. பதில் வரும்வரை கேளுங்கள், நன்றியோடு கேளுங்கள்.

கேள்வி: சுகத்துக்காக ஜெபிக்கிறேன். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்கிறார் ஒருவர்.

பதில்: நிறுத்தாதீர்கள். வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டப்படும் என்று கர்த்தரே சொன்ன பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள் (2 இராஜாக்கள் 20:7). சுகம் கிடைத்ததாகத் தெரிந்தால் மருத்துவரிடம் பரிசோதித்து, அவர் சொன்னபடி குறையுங்கள்.

கேள்வி: ஒருவரை மனதார விரும்புகிறேன். அவரையே தரும்படி கேட்கலாமா?

பதில்: கேளுங்கள் தம்பி, ஒளிக்காமல் கேளுங்கள். ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் துரவண்டையில் நின்று கேட்டது மிகத் துல்லியமான ஜெபம்: குடிக்கத் தண்ணீர் தருவதோடு ஒட்டகங்களுக்கும் வார்க்கிற பெண். அது அப்படியே நடந்தது. அதன்பின்பும் ரெபெக்காளை அழைத்து, இந்த மனிதனோடே போகிறாயா என்று அவள் வாயிலிருந்தே கேட்டார்கள் (ஆதியாகமம் 24:58). அந்தக் கேள்வியை நீங்களும் அவரிடம் நேரில் கேட்டாகவேண்டும். அவர் ‘இல்லை’ என்றால், அவருடைய மனதை மாற்றச் சொல்லி அதன்மேலும் ஜெபிக்காதீர்கள். உங்கள் மனதின் காயத்துக்காகக் கேளுங்கள்.