செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் சென்னை மேயர் ஆனாரா?

ஆனார். பலரும் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்து முத்தையா செட்டியாரைச் சொல்வார்கள். 1933இல் சென்னையின் முதல் மேயர் அவர்தான். ஆனால் வழக்கறிஞர் அல்லர். நீங்கள் தேடுவது தீரர் சத்தியமூர்த்தியை.

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் கோட்டையோடு நிற்குமே திருமயம், அங்கே 1887இல் பிறந்தவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் படித்து வழக்கறிஞரானார். நீதிமன்றத்தைவிட அரசியல் மேடைதான் அவரை இழுத்தது. 1919இல் காங்கிரஸ் குழுவோடு லண்டன் போனார். பின்னாளில் மத்திய சட்டசபையில் அவர் பேச எழுந்தால் அரசுத் தரப்புக்குத் தலைவலிதான்.

1939இல் மேயரானார். அன்று அது ஓராண்டுப் பதவி. அதற்குள் சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்ட வேண்டுமென்று விடாமல் வாதாடி அடிக்கல் நாட்டவும் வைத்துவிட்டார். ஊருணியை நம்பி வாழ்ந்த வறண்ட சீமைக்காரருக்குத் தண்ணீரின் அருமை தெரியாதா என்பது என் ஊகம்.

1940இல் தம் சீடர் காமராசரைத் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக்கி, தாம் அவருக்குக் கீழே செயலாளராக இருந்தார். எத்தனை தலைவர்களுக்கு அந்த மனம் வரும்? 1942 போராட்டத்தில் சிறை சென்று உடல் நலிந்தவர், 1943 மார்ச் 28 அன்று காலமானார். அணை 1944இல்தான் முடிந்தது. அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.