மூணாவது பெட்ரூம் யாருக்கு?

அன்புள்ள அண்ணா,

எனக்கு சரவணம்பட்டியில் ஐடி வேலை, மனைவி டீச்சர், பையனுக்கு நாலு வயசு. அப்பா போனபிறகு வெள்ளகோவில் பக்கத்திலிருந்து அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். முதல் வீடு பார்க்கிறோம். ஆபீசுக்குப் பக்கத்தில் நாலாவது மாடியில் மூன்று பெட்ரூம் ஃபிளாட், 64 லட்சம். துடியலூர் பக்கம் மூன்று சென்ட்டில் இரண்டு பெட்ரூம் பழைய தனிவீடு, 54 லட்சம். கையில் 18 லட்சம் இருக்கிறது. தேவை, ஆசை என்று பட்டியல் போட்டதில் லிஃப்டும், சொந்தக்காரர் வந்தால் தங்க மூணாவது பெட்ரூமும் தேவையில் வந்தன. அம்மா கேட்கும் வாசலும் பொடக்காணியும் (கொல்லைப்புறம்) ஆசையில் போய்விட்டன. சரிதானா?

க., கோவை

அன்புள்ள தம்பி,

பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போகிறவரைக் கேட்காமலே பட்டியல் போட்டுவிட்டீர்கள். காலையில் வாசல் தெளித்து, போகிறவர் வருகிறவரிடம் “சாப்புட்டாச்சுங்களா” என்று ரெண்டு வார்த்தை பேசி, பாத்திரம் கழுவிய தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிப் பழகிய மனுஷி நாலாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் உட்காருவார்? ஆறு மாசத்தில் “நான் ஊருக்கே போறேன் கண்ணு” என்பார். அப்புறம் ஸ்கூல் விட்டு வரும் பையனுக்குக் கதவு திறக்க யார் இருக்கிறார்கள்?

மூணாவது பெட்ரூம், நோம்பி நொடிக்கு வருகிறவர்களுக்கு. விலை வித்தியாசம் பத்து லட்சத்தையும் கடனாக வாங்கினால் எட்டரை வட்டியில் இருபது வருஷத்துக்கு மாசம் 8,700 ரூபாய் பக்கம் வரும். ஆசாரத்தில், அதாவது ஹாலில், பாய் விரித்தால் படுக்கமாட்டேன் என்கிற சொந்தக்காரர் யாருங்க? பையனும் இன்னும் சில வருஷம் அப்பத்தாவோடுதான் படுப்பான்.

துடியலூர் வீட்டுக்கே கணக்கு இறுக்கம்தான். இந்த அளவு கடனுக்கு பேங்க் 80 சதவீதத்துக்கு மேல் தராது, ஆக 10.8 லட்சம் உங்கள் கைக்காசு. பத்திரத்தில் முழு விலையும் போட்டால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 4.86 லட்சம். மிஞ்சுவது இரண்டே கால் லட்சத்துச் சொச்சம். பழைய வீடு, வயரிங்கே கொஞ்சம் தின்னும். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எல்லாம் போனஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பட்டியலில் தண்ணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோவையில் ஒரு பக்கம் சிறுவாணி, ஒரு பக்கம் பில்லூர். நல்லதண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும், மீதி நாளைக்கு போர்தான். நான் முதல் வீடு வாங்கியபோது டைல்ஸைத் தடவித் தடவிப் பார்த்தேன், குழாய்த் தண்ணியை வாயில் வைக்கவில்லை. காட்டிய அன்றைக்குத் தொட்டியில் இருந்தது லாரித் தண்ணி என்பது குடிபோன மூணாம் நாள்தான் தெரிந்தது. போர்த் தண்ணியில் சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தில் வெள்ளையாய் உப்புப் படியும், பருப்பு வேகவே வேகாது. வீட்டம்மா ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. (அதற்கு வேறு காரணமும் உண்டு, அது இங்கே வேண்டாம்.)

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு புரோக்கர் இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடியுங்கள். தண்ணி எப்படி என்று அந்த வீட்டுக்காரம்மாவிடம் அம்மாவே கேட்டுக்கொள்வார்.