2000 ஏடி காமிக்ஸைத் தொகுப்பாகப் படிக்காமல் வாராவாரம் படிப்பதில் என்ன இருக்கிறது?

கேட்டவர் 2012இல் வந்த 'டிரெட்' படத்தைப் பார்த்திருக்கிறார், பிடித்திருக்கிறது. அதன் நாயகன் ஜட்ஜ் டிரெட், எதிர்கால நகரம் ஒன்றில் போலீஸும் நீதிபதியும் தானே ஆனவர். அந்தக் கதாபாத்திரம் பிறந்த '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழ் இன்னும் வருகிறது என்று கேள்விப்பட்டு, "நல்ல கதைகள் எல்லாம் தொகுப்பாகக் கிடைக்கும்போது எதற்கு வாராவாரம் வாங்க வேண்டும்? தொடங்குவதென்றால் எங்கிருந்து?" என்கிறார்.

பல வருடமாக இதைத் துரத்திக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தொகுப்பில் கதை கிடைக்கும், பத்திரிகை கிடைக்காது. ஆனந்த விகடனிலும் குமுதத்திலும் தொடர்கதை படித்து, 'தொடரும்' என்ற வார்த்தையைத் திட்டிக்கொண்டே அடுத்த வாரத்துக்குக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பைண்டு செய்து வைத்த தொடர்கதையை ஒரே மூச்சில் படிப்பது வேறு அனுபவம்.

முதல் இதழ் 1977 பிப்ரவரி 26 தேதியிட்டு வந்தது. விலை 8 பென்ஸ். சுழற்றி எறிந்து விளையாட ஒரு பிளாஸ்டிக் தட்டு இலவசம். 2000 என்ற வருடம் அப்போது எட்டாத தூரம். பிரிட்டனில் சிறுவர் வார இதழ்கள் வந்த வேகத்தில் மூடப்பட்ட காலம் என்பதால், அந்த வருடம்வரை இது தாக்குப்பிடிக்கும் என்று வெளியிட்டவர்களே நினைக்கவில்லை. இப்போது இதழ் எண் 2400ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு இதழையும் 'புரோக்' என்பார்கள், 'புரோகிராம்' என்பதன் சுருக்கம். இந்த எண்ணில் ஒரு கூத்து உண்டு. 1999 கடைசியில் வந்த சிறப்பிதழுக்கு ஆசைப்பட்டு 'புரோக் 2000' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணிக்கைப்படி வரவேண்டிய நிஜமான 2000ஆவது இதழ் 2016 செப்டம்பரில்தான் வந்தது. இரண்டு 'புரோக் 2000' வைத்திருக்கும் ஒரே பத்திரிகை இதுவாகத்தான் இருக்கும்.

இதைத் தொடங்கிய பாட் மில்ஸ் அதற்கு முந்தைய வருடம் 'ஆக்‌ஷன்' என்றொரு இதழைக் கொண்டுவந்தார். வன்முறை அதிகம் என்று செய்தித்தாள்கள் கிழித்ததில் அதை நிறுத்தி, பல்லைப் பிடுங்கித் திரும்ப விட்டார்கள். அந்தக் கோபம் அப்படியே எதிர்காலத்துக்குக் குடிபெயர்ந்ததுதான் 2000 ஏடி. மனிதனை அடித்தால்தானே கேள்வி வரும், ரோபோவையும் டைனோசரையும் என்ன செய்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்? முதல் இதழிலேயே 'ஃபிளெஷ்' என்ற தொடர் ஆரம்பித்தது. எதிர்காலத்தில் இறைச்சிக்குப் பஞ்சம். அதனால் ஒரு கம்பெனி காலயந்திரத்தில் பின்னோக்கிப் போய், கௌபாய்களை வேலைக்கு வைத்து, டைனோசர்களை மந்தை மந்தையாக ஓட்டிவந்து வெட்டிக் கறியை அனுப்புகிறது. கதையில் நாம் கைதட்டுவது யாருக்கு என்றால், அந்த ஆட்களைப் பிடித்துத் தின்னும் ஒற்றைக்கண் கிழட்டு டைரனோசருக்கு! பத்து வயதுப் பையன்கள் படிக்கும் பத்திரிகையில் இது. ஜட்ஜ் டிரெட் முதல் இதழில் கிடையாது, இரண்டாவதில்தான் வந்தார்.

இப்போது வடிவத்துக்கு வருகிறேன், என் பதிலின் சாரமே அதுதான். ஒரு இதழ் 32 பக்கம், பெரும்பாலும் ஐந்து கதைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பக்கம். அந்த ஐந்து பக்கத்துக்குள் போன வாரம் விட்ட இடத்தை ஞாபகப்படுத்த வேண்டும், புதிதாக ஒன்று நடக்க வேண்டும், கடைசிக் கட்டத்தில் வாசகனை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். வளவளப்புக்கு இடமே இல்லை. 1981இல் வந்த 'ஜட்ஜ் டெத் லிவ்ஸ்' கதையில் ஒரு காட்சி. ஜட்ஜ் ஃபியர் என்றொரு பேய், தலைக்கவசத்தின் முன்கதவைத் திறந்து முகத்தைக் காட்டினாலே பார்த்தவன் பயத்தில் செத்துவிடுவான். டிரெட் முன்னால் நின்று, பயத்தின் முகத்தைப் பார் என்று சொல்லித் திறக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் இங்கே இரண்டு பக்கம் மனப்போராட்டம் ஓடியிருக்கும். இங்கே டிரெட், அப்படியானால் டிரெட்டின் முஷ்டியைப் பார் என்று ஒரே குத்து. முஷ்டி கவசத்துக்குள் புகுந்து பின்மண்டை வழியாக வெளியே வருகிறது. பிரையன் போலண்ட் வரைந்த அந்த ஒரு கட்டம் இன்றைக்கும் டீ ஷர்ட்டில் ஓடுகிறது. இந்தச் சுருக்கம் ஐந்து பக்கம் தந்த நெருக்கடியில் பிறந்தது. தொகுப்பில் தொடர்ந்து படித்தால் ஐந்து பக்கத்துக்கு ஒருமுறை யாராவது கத்துவதும் வெடிப்பதும் அலுத்துப்போகும். வாரத்துக்கு ஒன்று என்றால் சரியான அளவு.

அடுத்தது காலம். டிரெட் கதையில் காலம் நம்மோடு சேர்ந்தே ஓடுகிறது. இங்கே ஒரு வருடம் போனால் அங்கேயும் ஒரு வருடம். 1977இல் கதை நடந்தது 2099இல், அந்த 122 வருட இடைவெளி மாறவே இல்லை. அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் அறுபது எழுபது வருடமாக முப்பது வயதிலேயே நிற்க, டிரெட் எண்பதைத் தொட்டுவிட்ட கிழவர். எதிர்கால மருத்துவத்தின் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதன் பலன் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1982இல் 'அபோகலிப்ஸ் வார்' அரை வருடம் ஓடியது. ஜான் வாக்னரும் ஆலன் கிராண்டும் எழுத, முழுவதையும் கார்லோஸ் எஸ்குவேரா ஒருவரே வரைந்தார். சோவியத் நகரமான ஈஸ்ட்-மெக் ஒன், டிரெட்டின் மெகா-சிட்டி ஒன் மீது படையெடுக்கிறது. 80 கோடி ஜனத்தில் பாதி காலி. கடைசியில் டிரெட் ஒரு சிறு படையோடு போய் எதிரியின் ஏவுகணைத் தளத்தையே பிடித்து, அந்த ஏவுகணைகளை அவர்கள் நகரத்தின் மேலேயே திருப்புகிறார். பிடிபட்ட அதிகாரி கெஞ்சுகிறான், அங்கே 50 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று. என் நகரத்தில் பாதியைச் சாம்பலாக்கிவிட்டு என்னிடமே கருணை கேட்கிறாயா, மனு தள்ளுபடி என்று பட்டனை அழுத்துகிறார் நம் ஹீரோ. சிறுவர் பத்திரிகையின் கதாநாயகன் 50 கோடிப் பேரைக் கொன்றான், கதை அடுத்த வாரம் வேறு வழக்குக்குப் போனது.

போனதே தவிர மறக்கவில்லை. சுமார் முப்பது வருடம் கழித்து, 2011இல் அதே வாக்னர் 'டே ஆஃப் கேயாஸ்' தொடங்கினார். ஈஸ்ட்-மெக் அழிவில் தப்பியவர்கள் பழிதீர்க்க வருகிறார்கள். ஆயுதம் ஒரு கிருமி, பிடித்தவன் வெறிபிடித்து அடுத்தவனைக் கொல்வான். வழக்கம்போல கடைசி நிமிடத்தில் டிரெட் தடுத்துவிடுவார் என்றுதான் வாரம் ஒவ்வொன்றும் நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு வாய்ப்பு கைநழுவிப் போனது. முடிவில் 40 கோடியில் மிஞ்சியது 5 கோடி. அன்று அழுத்திய பட்டனுக்கு இன்று வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்ந்தது. தொகுப்பை வாங்கினால் இதை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். ஆனால் மாதக்கணக்கில் 'அடுத்த வாரம் சரியாகிவிடும்' என்று நம்பி ஏமாந்த அந்த வயிற்றெரிச்சல் அதில் வராது.

செத்தவர்கள் செத்தவர்களாகவே இருப்பது இன்னொரு வசீகரம் என்று எழுதத்தான் ஆசை. இதே இதழில் வந்த இன்னொரு தொடரான 'ஸ்ட்ரான்டியம் டாக்' நாயகன் ஜானி ஆல்ஃபாவை 1990இல் கொன்றார்கள். அவனை உருவாக்கி வரைந்த எஸ்குவேரா அந்தச் சாவை வரையமாட்டேன் என்று மறுத்துவிட்டதால் வேறொருவர் வரைந்தார். இருபது வருடம் பிணமாகவே கிடந்தவனை 2010இல் வாக்னர் எழுப்பினார், எஸ்குவேராவே வரைந்தார். ஆக, இங்கேயும் உயிர்த்தெழுதல் உண்டு. இருபது வருடம் ஆகும், அவ்வளவுதான்.

பத்திரிகையின் ஆசிரியர் மனிதரே இல்லை. திருவாதிரை நட்சத்திரத்துப் பக்கமிருந்து வந்த தார்க் என்ற பச்சை நிற ஆசாமி. எழுதுபவர்களும் வரைபவர்களும் அவருடைய ரோபோக்கள், சரியாக வேலை செய்யாவிட்டால் உதை. வாசகர் கடிதத்துக்குப் பதில் போடுவதும் தார்க்தான், நம்மை 'பூமிக்குட்டிகள்' என்கிற தினுசில்தான் கூப்பிடுவார். சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றும், இரண்டு மாதத்தில் பழகிவிடும். இந்த விளையாட்டுக்குள் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதுவரை பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸில் படைத்தவர் பெயர் போடும் வழக்கமே அநேகமாகக் கிடையாது. இங்கே 'கதை ரோபோ இன்னார், ஓவிய ரோபோ இன்னார்' என்று ஒரு சின்ன அட்டையில் பெயர் போட ஆரம்பித்தார்கள். போலண்ட், டேவ் கிப்பன்ஸ், கெவின் ஓ'நீல், ஆலன் மூர் பெயர்கள் அப்படித்தான் வெளியே தெரிந்தன, அமெரிக்கக் கம்பெனிகள் தேடிவந்து அள்ளிக்கொண்டு போயின.

பெயர் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. மூரும் இயன் கிப்ஸனும் 1984இல் ஆரம்பித்த 'தி பாலட் ஆஃப் ஹேலோ ஜோன்ஸ்' என் கணக்கில் இந்த இதழில் வந்ததிலேயே உயர்ந்த தொடர். வேலையில்லாதவர்களை ஒதுக்கி வைத்த மிதக்கும் சேரியில் வாழும் சாதாரணப் பெண்ணின் கதை. முதல் பாகத்தில் அவள் கடைக்குப் போய்வருவதே சாகசம். மூன்றாம் பாகத்தில் சிப்பாயாகி ஒரு கோளுக்குப் போகிறாள். அங்கே ஈர்ப்புவிசை அவ்வளவு அதிகம், காலமே மெதுவாகிவிடும். சில நிமிடம் சண்டை போட்டுத் திரும்பினால் வெளியே மாதங்கள் ஓடியிருக்கும். ஒன்பது பாகம் என்று திட்டம். படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் 1986இல் மூன்றோடு நின்றது. கிப்ஸன் 2023இல் காலமானார், இனி அது முடியப்போவதில்லை.

எல்லா வருடமும் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். 90களின் நடுவில் பல இதழ்கள் படிக்கவே முடியாது. சைமன் பிஸ்லி 'ஸ்லேன்' தொடரில் எண்ணெய் ஓவியம் மாதிரி தீட்டிக் கலக்கினார், அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் பழுப்பு நிறத்தைக் குழைத்து அப்ப ஆரம்பித்துவிட்டார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. 2000இல் ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு வீடியோ கேம் கம்பெனி வாங்கிய பிறகு வண்டி நிமிர்ந்தது. 2002இலிருந்து ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர் மாட் ஸ்மித், அதாவது தார்க்கின் பச்சைத் தோலுக்குள் இருப்பவர். ஐந்தில் ஒரு கதை சுமார் என்பது அவர் காலத்திலும் உண்டு. எனக்குப் பிடிக்காததைத் தாண்டிவிடுவேன், அதுவே அடுத்தவருக்கு உயிராக இருக்கும்.

நம்மூர் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. இரும்புக்கை மாயாவி, கூர்மண்டையன் ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி மூவரும் பழைய பிரிட்டிஷ் வார இதழ்களில் வந்தவர்கள். 2018இல் அவர்கள் உரிமையையும் ரெபெல்லியனே வாங்கிவிட்டதால், டிரெட்டும் மாயாவியும் இப்போது ஒரே கூரையின் கீழ். அதற்கும் முன்பே 2000 ஏடியில் கிராண்ட் மாரிசன் எழுதிய 'ஜெனித்' தொடரின் மூன்றாம் பாகத்தில் நம் ஆர்ச்சி தலைகாட்டியிருக்கிறான். சிவகாசிப் பதிப்பில் பார்த்த அப்பாவி இரும்பு மனிதனை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஆள் போதையும் பாட்டுமாகக் கெட்டுப்போய் வருவான்.

எங்கிருந்து தொடங்குவது? முதல் இதழிலிருந்து வேண்டவே வேண்டாம், 1977 கதைகள் இன்றைக்குக் கரடுமுரடாகத் தெரியும். வருடத்துக்குச் சில முறை எல்லாக் கதைகளும் ஒரே இதழில் புதிதாகத் தொடங்கும், அட்டையிலேயே போட்டிருப்பார்கள். அப்படி ஒரு புரோக் வரும்போது நுழையுங்கள், குறைந்தது மூன்று மாதம் விடாமல் படியுங்கள். நடுவில் நுழைந்தால் முதல் நாலு வாரம் ஒன்றும் புரியாது. இந்தியாவுக்கு அச்சுப் பிரதி வரவழைத்தால் தபால் செலவு விழி பிதுங்கும், டிஜிட்டலே போதும். அவர்கள் தளத்தில் வாங்கினால் பூட்டு எதுவும் இல்லாத பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை புது இதழ் வரும்.

அதற்குள் ருசி பார்க்க வேண்டுமானால் 'ஜட்ஜ் டிரெட்: தி கம்ப்ளீட் கேஸ் ஃபைல்ஸ்' வரிசையில் ஐந்தாம் தொகுதி. மேலே சொன்ன முஷ்டியும் பட்டனும் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. டிரெட்டே வேண்டாம், வேறு ஏதாவது என்றால் ஹேலோ ஜோன்ஸ். 1995இல் வந்த ஸ்டாலோன் படத்தை மட்டும் தயவுசெய்து பார்க்காதீர்கள், காமிக்ஸில் முகத்தையே காட்டாத மனிதர் அதில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார்.