பத்து நிமிஷ ஷேக்ஸ்பியர்

கேள்வி: சினிமாவின் ஆரம்ப காலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பத்து நிமிஷ ஊமைப்படங்களாக எடுத்திருக்கிறார்கள். இணையத்தில் சிலவற்றைப் பார்த்தேன். வசனம் இல்லை, கதையில் பாதி இல்லை, ஆட்கள் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். ஷேக்ஸ்பியரை இதைவிடக் கொடூரமாகக் கொலை செய்ய முடியுமா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கொலையை அப்புறம் விசாரிக்கலாம். முதலில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். பல வருஷமாக எனக்குள் ஆறாமல் இருக்கும் கோபம் அது.

அன்றைக்கு ஒரு ரீல் என்றால் சுமார் 1,000 அடி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். ஆக, ஒரு ரீலில் 16,000 பிரேம்கள். கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு 16 பிரேம் என்று வைத்துக்கொண்டால் அந்த ரீல் ஓடி முடிய 16 நிமிஷம் 40 நொடி ஆகும். பிறகு பேசும்படம் வந்தது. ஒலி சீராக வர வேண்டுமே, அதனால் நொடிக்கு 24 என்று வேகம் நிலைத்துவிட்டது. பழைய ரீலைத் தூக்கி அந்த வேகத்தில் ஓட்டினால் 11 நிமிஷத்தில் படம் காலி. உங்கள் பத்து நிமிஷமும் அந்தக் குதிப்பும் இந்த ஒரே தவறிலிருந்து வந்தவை. லியர் அரசர் புத்தி பேதலித்து அலைந்தார் என்றுதான் ஷேக்ஸ்பியர் எழுதினார். அவரைக் குதிக்க வைத்தது படத்தை இணையத்தில் ஏற்றிய ஆள்.

தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கலாம். மௌனப்பட விழா என்று அழைப்பிதழ் அச்சடித்து, மேடையில் குத்துவிளக்கு ஏற்றி, பிறகு இதே அவசரத்தில் படத்தை ஓட்டுகிறவர்களை எப்படி மன்னிப்பது? அப்படி ஒரு விழாவில் கிங் லியர் படத்தில் அரங்கமே சிரித்தது. மகள்களால் துரத்தப்பட்ட ஒரு கிழவரைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு நம் ஜனங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேகத்தைக் குறைத்திருந்தால் அதே கூட்டம் கண் கலங்கியிருக்கும். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற படத்துக்கு வேகத்தைக் குறைப்பது ஒரு பொத்தானைத் தட்டுகிற வேலை. அதைக்கூடச் செய்யாதவர்கள் எதற்கு விழா எடுக்கிறார்கள்?

சரி, கொலைக்கு வருவோம். உங்களுக்கு முன்பே இந்த வழக்கைக் கையில் எடுத்தது சிகாகோ போலீஸ். 1908இல் அமெரிக்காவின் வைட்டாகிராஃப் கம்பெனி எடுத்த மேக்பெத் படத்தில் கத்திக்குத்துக் காட்சி கூடாது என்று வெட்டவைத்தார்கள். மேடையில் வசனத்தோடு நடந்தால் கலை, ஐந்து சென்ட் டிக்கெட் சினிமாக் கொட்டகையில் கண்ணெதிரே நடந்தால் அது வெறும் கொலை என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு உண்மை இருக்கிறது. நாடகத்தில் டங்கன் அரசரின் கொலை மேடையில் நடப்பதில்லை. கொன்றவன் ரத்தக் கையோடு வந்து நிற்பதைத்தான் காட்டுவார்கள். சினிமாக்காரன் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான். போலீஸ் அதைக் குற்றம் என்றது. ஒரு புதுக் கலை தன் கண்ணால் பார்க்க ஆரம்பித்த இடம் அதுதான் என்கிறேன் நான்.

ஷேக்ஸ்பியரிடம் படக் கம்பெனிகள் போனதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. ஐந்து சென்ட் கொட்டகைகள் ஊரைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் பாதிரியார்களும் பத்திரிகைகளும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம். 1908 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நியூயார்க் மேயர் மெக்லெல்லன் நகரத்தின் சினிமாக் கொட்டகைகள் அத்தனைக்கும் லைசென்ஸை ரத்து செய்தார். கௌரவம் அவசரமாகத் தேவைப்பட்டது. அதோடு, உரிமை வாங்காமல் பென்ஹர் நாவலைப் படமாக்கிய காலெம் கம்பெனி வழக்கில் மாட்டி, 1911இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஷேக்ஸ்பியர் வழக்குப் போட மாட்டார், ராயல்டியும் கேட்க மாட்டார். புரூக்ளினில் இருந்த வைட்டாகிராஃப் ரோமியோ ஜூலியட், ஒத்தெல்லோ, ஜூலியஸ் சீசர், கிங் லியர் என்று வரிசையாக எடுத்துத் தள்ளியது இந்தச் சூழ்நிலையில்தான். ரோமியோ ஜூலியட்டுக்கு வெரோனா நகரமாக நின்றது நியூயார்க் சென்ட்ரல் பார்க்.

கதையில் பாதி இல்லை என்கிறீர்கள். அந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூத்துக் களத்தில் வந்து உட்காருகிறவர், இதுவரை என்ன நடந்தது என்று பக்கத்து ஆளைக் கேட்பதில்லை. திரௌபதி தலைவிரி கோலமாக நிற்பதைப் பார்த்தாலே போதும். பள்ளிக்கூடப் பாடத்திலோ ஊர் ஊராக வந்த நாடகக் கம்பெனிகளிடமோ ஷேக்ஸ்பியரைத் தெரிந்துகொண்ட கூட்டம் அந்தக் கொட்டகைகளில் இருந்தது. அவர்களுக்குக் கதையை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் காதால் மட்டும் கேட்டிருந்ததைக் கண்ணுக்குக் காட்டினால் போதும்.

அதை அழகாகச் செய்த படம், பெர்சி ஸ்டோ இயக்கத்தில் இங்கிலாந்தின் கிளாரண்டன் கம்பெனி 1908இல் எடுத்த தி டெம்பெஸ்ட். நாடகத்தில் முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் பிராஸ்பரோ தன் மகளுக்குப் பழைய கதையெல்லாம் சொல்லுவார். தம்பி ராஜ்யத்தைப் பறித்தது, சின்னக் குழந்தையோடு கடலில் தள்ளிவிட்டது என்று நீண்டுகொண்டே போகும். நல்ல நடிகர் கிடைக்காவிட்டால் சபையில் பாதி தூங்கிவிடும். ஸ்டோ அந்தப் பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேச்சுக்குள் இருந்த சம்பவங்களை எடுத்தார். குழந்தையோடு தீவில் கரையேறுவதையும், மரத்துக்குள் அடைபட்ட ஏரியலை விடுவிப்பதையும் நாமே பார்க்கிறோம். ஏரியலாக வருவது ஒரு சின்னப் பெண். நின்ற இடத்திலிருந்து பட்டென்று மறைகிறாள். கேமராவை நிறுத்தி, அவளை நகரச் சொல்லி, மறுபடி ஓட்டினார்கள், அவ்வளவுதான் வித்தை. ஆனால் ஏரியல் காற்றாலான ஜீவன் என்பதை மேடையில் கயிறும் பொறிக்கதவும் வைத்து முந்நூறு வருஷம் பாடுபட்டவர்களால் இப்படிக் காட்ட முடிந்ததா? இதைக் கொலை என்று நீங்கள் சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இங்கேதான் என் நாடக நண்பர் ஒருவரோடு எனக்குப் பழைய சண்டை. மேடைக்கு எதிரே கேமராவை நட்டுவைத்து அசையாமல் எடுத்தால்தான் நாடகத்துக்கு மரியாதை என்பார். அப்படி எடுத்த படமும் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் நினைவு அரங்கத்தின் மேடையிலேயே பென்சன் நாடகக் குழு நடித்த மூன்றாம் ரிச்சர்டு, 1911. கேமரா தள்ளி நின்று பார்க்கிறது. நடிகர்கள் வருகிறார்கள், கையை வீசுகிறார்கள், போகிறார்கள். பின்னால் ஓவியத் திரை, கீழே மேடைப் பலகை. என்ன நடக்கப் போகிறது என்று எழுத்து அட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரில் எடுத்தது, பெரிய குழு, எல்லாம் சரி. கிளாரண்டன் படத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமும்கூட. ஆனால் அந்தச் சின்னப் பெண் மறைகிற அரை நொடிக்கு இந்தப் படம் முழுவதும் ஈடாகாது.

நண்பர் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நடிகரின் உடம்பைப் பதிந்து வைத்தது இந்தப் படங்கள்தான். ஷேக்ஸ்பியர் முதன்முதலில் ஃபிலிமில் ஏறியது 1899 செப்டம்பரில், லண்டனில். மேடையில் ஜான் அரசராக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீயைச் சில காட்சிகள் நடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். மிஞ்சியிருப்பது அரசர் விஷத்தால் சாகும் ஒரு காட்சி. ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். தன் மார்புக்குள் கோடைக்காலம் கொதிக்கிறது, குடலெல்லாம் தூளாகிறது என்று அந்த இடத்தில் ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார். நாற்காலியில் துடிக்கும் ட்ரீயைப் பார்த்தால் அந்த வரி அப்படியே தெரிகிறது. 1912இல் வந்த இன்னொரு மூன்றாம் ரிச்சர்டு படத்தில் ரிச்சர்டாக நடித்த ஃபிரெடரிக் வார்டு, அமெரிக்காவில் அந்தப் படத்தோடு ஊர் ஊராகப் போய், ரீல் மாற்றும் நேரத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சொன்னார். தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்த அந்தப் படம் 1996இல் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து கிடைத்தது.

எல்லாப் படத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1911இல் எட்டாம் ஹென்றி படத்தில் நடிக்க அதே ட்ரீக்குப் படத் தயாரிப்பாளர் வில் பார்க்கர் 1,000 பவுண்டு கொடுத்தார். ஆறு வாரம் ஓட்டிய பிறகு பிரிண்டுகள் அத்தனையையும் வேண்டுமென்றே கொளுத்தினார்கள். தேய்ந்த பிரதி ஊர் சுற்றிப் பெயரைக் கெடுக்கக் கூடாதாம். இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நாம் கொளுத்தவில்லை, கவனிக்காமல் விட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார், புனேவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்றுக்கொண்டு, கீழ்ப்பாக்கம் பக்கம் ஸ்டூடியோ போட்டு கீசக வதம் எடுத்தார். தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படம். அதில் இன்று ஒரு பிரேம்கூடக் கிடையாது. அந்தக் காலத்து மேடை நடிகர்கள் எப்படி நின்றார்கள், கையை எங்கே வைத்தார்கள் என்று அந்தப் படம் நமக்குக் காட்டியிருக்கும். ஹாம்லெட்டை அமலாதித்தனாக்கிய பம்மல் சம்பந்த முதலியார் மேடையில் உச்சத்தில் இருந்த காலம் அது. பத்து நிமிஷ அமலாதித்தன் ஒன்று யாராவது எடுத்திருந்தால், எத்தனை அவசரத்தில் ஓட்டினாலும் நான் போய் முதல் வரிசையில் உட்காருவேன்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 1999இல் ஏழு படங்களைச் சரியாகத் துடைத்து, இசை சேர்த்து, ஒரே தொகுப்பாக வெளியிட்டது. மௌன ஷேக்ஸ்பியர் (Silent Shakespeare) என்று தேடுங்கள். நான் சொன்ன ட்ரீ, கிளாரண்டன், பென்சன் எல்லாம் அதில் உண்டு. டெம்பெஸ்டை முதலில் பாருங்கள், மூன்றாம் ரிச்சர்டைக் கடைசியில் பாருங்கள். நாடக நண்பர் பென்சனுக்காக வாதாட விரும்பினால் எழுதி அனுப்பட்டும், அடுத்த இதழில் அரைப் பக்கம் தருகிறேன்.